டேகேர்ல ஒன்றரை வயசு பாப்பா மதியம் தூங்கவே மாட்டேங்குறா, ஐடியா சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம், நான் டேகேர்ல வேலைக்கு சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. ஒன்றரை வயசு பாப்பா ஒருத்தி வந்து மூணு வாரமாச்சு, காலைல அம்மா விட்டுட்டுப் போனதும் அழுவா, பத்து நிமிஷத்துல அடங்கிடுவா, இந்த வயசுல அது சகஜம்தான். மதியம் படுக்க வைக்கும்போதுதான் கஷ்டம். டயப்பர் மாத்தியாச்சு, வயிறு நிறைஞ்சிருக்கு, காய்ச்சல், பல்லு முளைக்குதான்னு எல்லாம் பாத்தாச்சு, மடியில வச்சா கண்ணு சொக்குது, பெட்ல விட்ட அடுத்த செகண்ட் முழிச்சு என் சட்டையப் பிடிச்சுக்குறா. வீட்ல எப்படின்னு கேட்டா பால் குடிச்சுட்டே தூங்குவாளாம், அது இங்க நம்மால ஆகுற காரியமா?

இந்த வயசுக்கு பகல் தூக்கமும் சேத்து 11லேருந்து 14 மணி நேரம் வேணும்ல, இவ மதியம் 20 நிமிஷம்கூட தூங்குறதில்ல, சாயங்காலம் சோர்ந்துபோய் பக்கத்துல இருக்குற புள்ளைங்கள கடிக்கிறா.

கூட வேலை பாக்குற அக்கா "அழவிடு, தானா பழகிடும்"ங்குறாங்க, எனக்கு மனசே வரல. ஆனா என் பொறுப்புல இன்னும் மூணு குட்டிங்க இருக்காங்களே, இவளையே தூக்கிட்டு இருக்கவும் முடியல.

அவங்க வீட்டுலேருந்து பழகின பொம்மை ஒண்ணு கொண்டுவரச் சொல்லலாமா? தட்டிக்கொடுத்து தூங்க வச்சு பழக்குனவங்க யாராவது இருந்தா எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லுங்க.