"முடிந்தவரை" எங்கே போனது?

ஒலிநாடா:

எங்கள் தியான அமைப்பைத் தொடங்கிய ஐயா மறைந்து 26 வருடம் ஆகிறது. அவர் பேச்சை நேரில் கேட்டவர்களில் இன்று 11 பேர்தான் இருக்கிறார்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை. இரண்டு வருடமாக அவருடைய கேசட்டுகளைக் கேட்டு எழுதும் வேலை என் பொறுப்பு.

போன மாதம் கேட்ட ஒரு கேசட்டில் ஐயா சொல்கிறார்: "முடிந்தவரை தினமும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்." நாங்கள் படித்து வளர்ந்த புத்தகத்தில் "தினமும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்" என்று இருக்கிறது. பழைய பதிப்புகளைத் தேடி எடுத்தேன். முதல் பதிப்பில் "முடிந்தவரை" இருக்கிறது, மூன்றாம் பதிப்பில் இல்லை. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், ஒரு குறிப்பும் கிடையாது.

ஒரு சொல்தானே என்று விட முடியவில்லை. என் அக்கா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருபது நிமிடம்தான் உட்கார்ந்தாள். தனக்கு இது லாயக்கில்லை என்று முடிவு செய்து நின்றே போனாள்.

இன்னொன்று. அதிகாலை நான்கு மணிக்கு உட்கார வேண்டும் என்பது எங்களிடம் விதி. கேசட்டில், இரவு வேலை முடிந்து மூன்றரைக்கு வீடு திரும்பும் ஒருவர் தனக்கு எது நல்ல நேரம் என்று கேட்கிறார். ஐயா, "நாலு மணிக்கு உட்காருங்க, அப்புறம் தூங்குங்க" என்கிறார். புத்தகத்தில் அந்தக் கேள்வியும் இல்லை, தூக்கமும் இல்லை.

பெரியவர்களிடம் சொன்னால் "அர்த்தம் மாறவில்லையே" என்கிறார்கள். மாறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சண்டை இல்லாமல் இதை எப்படிச் சரி செய்வது?

பாலி மாணவன்:

கேள்வி கேட்டவரை வெட்டியதில்தான் பெரிய இழப்பு. பாலி மொழியில் உள்ள புத்தரின் உபதேசங்களான சுத்தங்கள் "இவ்வாறு நான் கேட்டேன்" என்று தொடங்கி, புத்தர் எங்கே இருந்தார், யாரிடம் பேசினார் என்று சொன்ன பிறகே உபதேசத்துக்குப் போகும்.

புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் அவருடைய சீடர் மகாகாசியபர் தலைமையில் கூடிய சபையைப் பற்றி, பிக்குகளின் விதிநூலான வினயத்தில் ஒரு செய்தி உண்டு. சிறு விதிகளைப் பிக்கு சங்கம் விரும்பினால் நீக்கலாம் என்று புத்தர் சொன்னதாக, அவருடன் இருந்து பணிவிடை செய்த சீடர் ஆனந்தர் தெரிவித்தார். எவை சிறு விதிகள் என்று ஆனந்தர் புத்தரிடம் கேட்டு வைக்கவில்லை. ஆளுக்கொரு கருத்து வந்ததும், எதையும் நீக்குவதில்லை, எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆனந்தர் கேட்காமல் விட்டதையும் மறைக்காமல் பதிந்து வைத்தார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வேதம் ஓதுவோரின் கன பாடம் என்ற ஓதும் முறையில் சொற்கள் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னுமாக வரும். ஒரு சொல் நழுவினால் அங்கேயே பிடிபடும். உங்களுக்கு அந்த வேலையைக் கேசட்டும் முதல் பதிப்பும் செய்யட்டும்.

பதிவறை:

முதலில் கேசட்டுகளைக் காப்பாற்றுங்கள். எம்பி3 மட்டும் போதாது. ஒலியைச் சுருக்காத 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக மாற்றுங்கள். இரைச்சல் நீக்கிய பிரதி தனியாக இருக்கட்டும், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். பிரதிகளில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கேசட் எண், நிமிடம் குறித்தால் யாரும் உங்களை நம்ப வேண்டியதில்லை, தாங்களே கேட்டுக்கொள்வார்கள்.

பழைய பதிப்பாளர்:

வேறொரு அமைப்பில் நான் அப்படி ஒரு சொல்லை எடுத்தவன். புதிதாக வருபவர்கள் அதைச் சாக்காகப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். எங்கள் ஆசிரியர் மேல் இருந்த பக்தியில் செய்தேன், அவர் அந்தச் சொல்லை யோசித்துச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது. அதனால் உங்கள் பெரியவர்களிடம் "யார் மாற்றியது" என்று தொடங்காதீர்கள் தம்பி. "அப்போது என்ன நினைத்து மாற்றினீர்கள்" என்று கேளுங்கள். அந்தக் காரணத்தையும் அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

அந்த 11 பேரையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் சொல்வதே எல்லோருக்கும் நினைவாகிவிடும்.

ஒலிநாடா:

நன்றி ஐயா. நேற்று ஒரு பெரியவருக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். இரவு வேலைக்காரரின் குரலை உடனே அடையாளம் சொன்னார். 11 பேரில் அவரும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து தொடங்குகிறேன்.