முதல் கிற்றார் பெடலை யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு கட்ட முடியுமா?

கோண்டாவில் கிற்றார்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். என்னிடம் ஒரு மின்கிற்றாரும் பயிற்சிக்குரிய சிறிய அம்ப்ளிஃபயரும் உள்ளன. கிற்றாரின் ஒலியை மாற்றித் தரும், காலால் இயக்கும் எஃபெக்ட் பெடல் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிப் பார்க்க விரும்புகிறேன். கடை விலை எனக்குக் கட்டுபடியாகாது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒலி எப்படி மாறுகிறது என்பதை அறிய வேண்டும் என்ற ஆவல் அதைவிடப் பெரியது.

எதிரொலி தரும் டிலே பெடலில் தொடங்கலாம் என்று எண்ணியிருந்தேன். முதல் முயற்சிக்கு அது பொருத்தமானதா, அல்லது வேறு சுற்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமா? எல்லாப் பாகங்களும் அடங்கிய பொதியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது நல்லதா, இங்குள்ள கடைகளிலேயே வாங்கிச் சமாளிக்கலாமா? மூன்றாவதாக, வீட்டில் கீபோர்ட்டுக்குரிய 12 வோல்ற்று அடப்ரர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் பெடலுக்குப் பயன்படுத்தலாமா? 30 வாற்று சோல்டரிங் அயன், சாதாரண மல்ரிமீற்றர், பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக வாங்கிய பிரெட்போர்ட் (ஒட்டாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) ஆகியவை கைவசம் உள்ளன.

பழைய றேடியோக்காரர்

தம்பி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு வீணாவது அங்கேதான். அந்த அடப்ரரைத் தொடாமல் வையும். கிற்றார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ற்று நேரோட்டத்தில், செருகியின் நடு முனை மறையாகவும் வெளி உறை நேராகவும் இருக்கும் ஒழுங்கில் இயங்குகின்றன. கீபோர்ட் அடப்ரர்கள் பலவற்றில் நடு முனைதான் நேர். ஆகவே வோல்ற்றளவும் பிழை, முனையும் பிழை. முதல் பெடலை 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரியில் ஓட்டும். பற்றரியில் இரைச்சல் இல்லை, 230 வோல்ற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை, சுற்றில் எங்காவது குறுக்குப் பட்டாலும் பெரிய சேதம் வராது. பின்னர் அடப்ரர் செருகும் துளை வைக்கும்போது, 1என் 4001 டயோட்டு ஒன்றை மின்வழங்கலுக்குக் குறுக்கே எதிர்த் திசையில் போட்டுவிட்டால், யாராவது முனை மாற்றிக் கொடுத்தாலும் பாகங்கள் பிழைத்துக்கொள்ளும்.

டிலே வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை, ஆனால் முதலாவதாக வேண்டாம். கட்டுமானக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிரி 2399 என்ற சில்லு கரோக்கே எதிரொலிக்காக உருவாக்கப்பட்டது. எங்களுடைய திருவிழா ஒலிபெருக்கிக்காரர்கள் வைத்திருக்கும் மிக்சர்களிலும் இந்த வகைச் சில்லைக் காணலாம். அதற்கு 5 வோல்ற்று ஒழுங்காக்கி வேண்டும், வடிகட்டிகள் வேண்டும், இருபதுக்கு மேற்பட்ட பாகங்கள் வேண்டும். அது பேசாமல் கிடந்தால் எங்கே தேடுவது என்று புதியவருக்குத் தெரியாது.

ஒரேயொரு ரான்சிஸ்டர் கொண்ட பூஸ்டரில், அதாவது ஒலியைப் பெருக்க மட்டும் செய்யும் பெடலில் தொடங்கும். 1960களின் இறுதியில் நியூயோர்க்கின் இலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட எல்பிபி-1 என்பதுதான் இதில் பேர்பெற்றது. கிற்றாரிலிருந்து வரும் சமிக்கை 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி (கப்பாசிற்றர்) வழியாக ரான்சிஸ்டரின் அடிவாய்க்குப் போகிறது. அடிவாய் (பேஸ்), சேகரிப்பான் (கொலெக்ரர்), காலி (எமிற்றர்) என்பவைதான் ரான்சிஸ்டரின் மூன்று கால்கள். தடையிகள் (ரெசிஸ்ரர்) நான்கு: நேர்முனையிலிருந்து அடிவாய்க்கு 430 கிலோ ஓம், அடிவாயிலிருந்து நிலத்துக்கு, அதாவது பற்றரியின் மறைமுனைக்கு 43 கிலோ ஓம், நேர்முனையிலிருந்து சேகரிப்பானுக்கு 10 கிலோ ஓம், காலியிலிருந்து நிலத்துக்கு 390 ஓம். சேகரிப்பானிலிருந்து இன்னொரு 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி வழியாக 100 கிலோ ஓம் மாறுந்தடையிக்கு. அதன் மற்ற ஓரக் கால் நிலத்துக்கு, நடுக் காலிலிருந்து வெளியீட்டுக்கு. சுற்று இவ்வளவுதான். 430, 43 என்ற பெறுமானங்கள் எங்கள் கடைகளில் இலேசில் அகப்படா. 470 கிலோவும் 47 கிலோவும் போட்டால் விகிதம் மாறாது, ரான்சிஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது.

வெளிநாட்டுப் பொதி தேவையில்லை. கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கத்து றேடியோ, ரிவி திருத்தும் கடைகளில் இந்தத் தடையிகளும் கொள்ளளவிகளும் சில்லறையாகவே கிடைக்கும். ‘104’ என்று அச்சிட்ட கொள்ளளவியைக் கேட்டால் அதுதான் 0.1 மைக்ரோபரட். ரான்சிஸ்டரில் மட்டும் கவனமாக இரும். பிசி 549 வாங்கினால், தட்டைப் பக்கம் உம்மை நோக்கியும் கால்கள் கீழேயும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து சேகரிப்பான், அடிவாய், காலி என்று வரும். 2என் 3904 அதற்கு நேர்மாறு: காலி, அடிவாய், சேகரிப்பான். பழைய யப்பான் பெட்டிகளில் கழற்றிய சி 1815 கிடைத்தால் காலி, சேகரிப்பான், அடிவாய். மூன்றுமே இந்தச் சுற்றில் வேலை செய்யும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே திருப்பாமல் செருகினால் வேலை செய்யாது.

கடையில் நரைத்த தலை யாராவது இருந்தால் அவரிடமே கேளும். 1990களின் முற்பகுதியில் பற்றரி இங்கு வரத் தடையிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவின் ஆடலோட்டத்தை டயோட்டால் நேராக்கி ஊரையே செய்தி கேட்க வைத்த கைகள் அவை. பத்துப் பாகம் கொண்ட சுற்று அவர்களுக்கு ஒரு தேநீர் நேர வேலை.

ஆறாம் தந்தி

ஐயா சொன்ன சுற்றுடன் நானும் உடன்படுகிறேன். ஆனால் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: முதல் பெடல் பேசாமல் போவது பெரும்பாலும் சுற்றினால் அன்று, சுற்றைச் சூழ்ந்திருக்கும் வயர்களினால். ஜாக், கால் சுவிற்ச், நிலக்கம்பி ஆகிய மூன்றிலும்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். ஆகையால் பிரெட்போர்ட்டில் ஒலி கேட்கும்வரை சோல்டரிங் அயனைச் சூடாக்க வேண்டாம். வெரோ போர்ட்டில் (செப்புத் தடங்களும் துளைகளும் உள்ள பலகை) ஒட்டி முடித்த பின்பும், பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னர், சுவிற்ச் இல்லாமல் நேரடியாக இரண்டு ஜாக்குகளுடன் இணைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

உள்ளீட்டுக்கு ஸ்ரீரியோ ஜாக் வாங்குங்கள், வெளியீட்டுக்கு மோனோ போதும். பற்றரியின் கறுப்பு வயரை ஸ்ரீரியோ ஜாக்கின் நடு வளையத்துக்குரிய காலில் ஒட்டினால், சாதாரண கிற்றார் வயரைச் செருகும்போது அதன் உறை அந்த வளையத்தை நிலத்துடன் இணைத்துவிடும்; வயரைக் கழற்றியதும் பற்றரி துண்டிக்கப்படும். தனியாக ஒரு மின் சுவிற்ச் தேவையில்லை. வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றும் பழக்கம் மட்டும் தேவை.

கால் சுவிற்ச் என்றால் ஒன்பது கால்கள் கொண்ட வகை. நாட்டுக்குள் தேடுவதானால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம், இல்லாவிட்டால் இணையத்தில் வரவழைக்கலாம். இந்தச் சுவிற்ச்சின் கால்களில் அயனை நீண்ட நேரம் வைத்தால் உள்ளேயுள்ள பிளாஸ்ரிக் இளகி, தொடுகை கெட்டுவிடும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று விநாடிகள், பிறகு ஆறவிட்டு அடுத்தது. ஒட்டும் ஈயம், நடுவில் ரோசின் பிசின் உள்ள 60/40 கம்பியாக இருக்கட்டும். தகர வேலைக்காரர் பயன்படுத்தும் அமிலப் பசை வயரையும் தடத்தையும் அரித்துவிடும், அதுவும் எங்கள் உப்புக் காற்றில். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், ஈயம் ஈயம்தான்.

பெட்டி உலோகமாக இருப்பது அழகுக்காக அன்று. நிலத்துடன் இணைத்த உலோகப் பெட்டி வெளி இரைச்சலை உள்ளே விடாது. பிளாஸ்ரிக் பெட்டியில் மின்குமிழ்களின் 50 ஹேட்ஸ் இரைச்சல் தாராளமாக நுழையும். வார்ப்பு அலுமினியப் பெட்டி உறுதியானது. அது வரும்வரை, வீட்டு வயரிங் வேலையில் சுவருக்குள் பதிக்கும் தகரப் பெட்டியைப் பயன்படுத்தலாம். பிஸ்கற் தகரம் மேசையில் வைத்துப் பரிசோதிக்க நல்லது, காலால் மிதித்தால் நசுங்கும். சுவிற்ச்சுக்கு 12 மில்லிமீற்றர் துளை வேண்டும். சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெருப்பியுங்கள்.

கோண்டாவில் கிற்றார்காரன்

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. பிசி 549 கிடைத்தது, 470 கிலோவும் 47 கிலோவும் போட்டுப் பிரெட்போர்ட்டில் சுற்றை அமைத்துவிட்டேன். ஒலி நன்றாகப் பெருகுகிறது. ஆனால் கிற்றாரை நேரடியாக அம்ப்ளிஃபயரில் செருகும்போது கேட்கும் மேற்தந்திகளின் கூர்மை சற்று மழுங்கியது போல் தோன்றுகிறது. சேகரிப்பானுக்கும் நிலத்துக்கும் இடையே மல்ரிமீற்றர் 4.6 வோல்ற்றுக் காட்டுகிறது. இது சரியான அளவா? இதே சுற்றைக் கரகரப்பான ஒலி தரும் டிஸ்ரோர்ஷன் பெடலாக மாற்ற வழியுண்டா?

அறிவியல்நகர் மாணவி

அண்ணா, கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். இந்தக் கேள்வி எங்கள் முதலாம் வருட ஆய்வுகூடத்துக்கு மிக அருகில் வருவதால் எழுதுகிறேன்.

4.6 வோல்ற்று நல்ல அளவு. இந்தச் சுற்றில் 3 முதல் 6 வரை எதுவாக இருந்தாலும் கவலையில்லை. 9 வோல்ற்று முழுதாகக் காட்டினால் ரான்சிஸ்டர் கடத்தவில்லை என்று பொருள். அடிவாய் தடையியோ கால் ஒழுங்கோ பிழைத்திருக்கும். பூச்சியத்துக்கு அருகில் காட்டினால் அது நிரம்பலில், அதாவது முழுதாகக் கடத்தும் நிலையில் உள்ளது. 47 கிலோ ஓம் தடையி நிலத்துடன் சேரவில்லையா என்று முதலில் பாருங்கள். பெருக்கம் ஏறத்தாழ 10 கிலோ ஓமைக் காலித் தடையினால் வகுத்தால் வரும் எண். காலியின் உட்தடையையும் சேர்த்துக்கொண்டால் இருபதுக்குச் சற்று மேலே.

கூர்மை மழுங்குவது உங்கள் காதின் மயக்கம் அன்று. 47 கிலோவும் 470 கிலோவும் சமிக்கைக்குச் சமாந்தரமாகத் தெரிகின்றன, அவற்றுடன் ரான்சிஸ்டரின் உள்ளீட்டுத் தடையும் சேர்கிறது. மொத்தம் 30 கிலோ ஓம் அளவில் நிற்கும். கிற்றார் அம்ப்ளிஃபயர்கள் வழக்கமாக 1 மெகா ஓம் உள்ளீட்டைக் கொடுக்கின்றன. கிற்றாரின் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட சுருள், ஆகவே மீடிறன் (அதிர்வெண்) ஏற ஏற அதன் தடங்கலும் ஏறுகிறது. தாழ்ந்த உள்ளீட்டுத் தடையுடன் இணைத்தால் உயர் சுரங்கள்தான் முதலில் இழக்கப்படும். எல்பிபி-1இன் இயல்பே அது. அந்த மங்கலை விரும்பியே அதை வைத்திருப்பவர்களும் உண்டு.

உள்ளீட்டுக் கொள்ளளவியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைக் காதால் கேட்டுப் பாருங்கள். 0.1 மைக்ரோபரட்டுடன் 30 கிலோ ஓம் சேரும்போது வெட்டு மீடிறன் 50 ஹேட்ஸ் சொச்சம். கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேட்ஸில் ஒலிப்பதால் பெரிதாக எதுவும் குறையாது. அதை 0.01 ஆக்கினால் வெட்டு 500 ஹேட்ஸைத் தாண்டும். அடிச்சுரங்கள் மெலிந்து, மேற்சுரங்கள் மட்டும் தூக்கலாகக் கேட்கும். உயர்தரப் பௌதிகவியலில் கணக்காக மட்டும் பார்த்த ஒன்றை விரலால் கேட்பது தனிச் சுகம்.

டிஸ்ரோர்ஷன் வேண்டுமானால் 1என் 4148 டயோட்டுகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் சமாந்தரமாக்கி, வெளியீட்டுக் கொள்ளளவிக்குப் பின்னால், மாறுந்தடையியின் இரு ஓரக் கால்களுக்குக் குறுக்கே இணையுங்கள். சமிக்கை எந்தப் பக்கமும் ஏறத்தாழ 0.6 வோல்ற்றைத் தாண்டும்போது டயோட்டு கடத்தத் தொடங்கி அலையின் உச்சியைத் தட்டையாக்கும். அந்தத் தட்டையைத்தான் கரகரப்பாகக் கேட்கிறோம். ஒலி மட்டம் குறையும், அது இயல்பு. சிவப்பு எல்ஈடி இரண்டைப் போட்டால் 1.7 வோல்ற்று அளவில்தான் வெட்டும், ஆகவே கரகரப்புக் குறைந்து சத்தம் கூடும். டயோட்டுகளைச் சிறிய சுவிற்ச் ஒன்றின் வழியாக இணைத்தால் ஒரே பெட்டியில் இரண்டு பெடல்கள்.

உள்ளீட்டுத் தடையைக் கூட்டுவது அடுத்த பெடலுக்குரிய வேலை. அதற்கு 4558 போன்ற செயற்பாட்டு விரியலாக்கி (ஒப்-ஆம்ப்) சில்லு ஒன்று போதும். ஐபனேஸ் நிறுவனத்தின் ரியூப் ஸ்க்ரீமர் பெடலில் இருந்ததும் இந்த 4558தான், அம்ப்ளிஃபயர் ரோன் போர்ட்டுகளில் இருப்பதும் இதுதான் என்பதால் திருத்துநர்களிடம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆறாம் தந்தி

தங்கச்சி எல்ஈடி பற்றிச் சொன்னதால் நினைவுக்கு வந்தது. பெடல் இயங்குவதைக் காட்டும் எல்ஈடிக்கு 4.7 கிலோ ஓம் தொடரில் போடுங்கள். அப்போதும் அது 1.5 மில்லியம்பியர் குடிக்கும், சுற்று முழுவதும் குடிப்பதோ அரை மில்லியம்பியர் அளவுதான். பற்றரி நீடிக்க வேண்டுமென்றால் எல்ஈடி இல்லாமலே விடலாம். காதுக்குத் தெரியாததா கண்ணுக்குத் தெரியப்போகிறது!

கோண்டாவில் கிற்றார்காரன்

டயோட்டுகள் வேலை செய்கின்றன, எல்ஈடி இரண்டு போட்டபோது வந்த ஒலியே எனக்குப் பிடித்தது. இன்னும் ஒரு கேள்வி. ஒரு கடையில் பழைய ஜேர்மானிய ரான்சிஸ்டர்கள் சில இருக்கின்றன. 1966இல் இலண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் அந்த வகையில் கட்டப்பட்டது என்று வாசித்தேன். வாங்கி வைக்கலாமா?

பழைய றேடியோக்காரர்

ஜேர்மனி நாட்டுப் பொருள் என்று கடைக்காரர் சொன்னாரோ, ஜேர்மானியம் என்ற மூலகத்தில் செய்தது என்று சொன்னாரோ, முதலில் அதைத் தெளிவாக்கும் தம்பி. ஜேர்மானியம் என்றால், விலை குறைவாக இருந்தால் மட்டும் வாங்கும். அவற்றில் கசிவு மின்னோட்டம் வெப்பத்துடன் ஏறும். மார்கழியில் சரிசெய்த சுற்று சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை மேடையில் வேறு குரலில் பேசும். மேலும் அவற்றில் அநேகமானவை பிஎன்பி வகை, அதாவது பிசி 549க்கு முனைகள் எதிரான வகை, ஆகவே அந்தச் சுற்றில் நேர்முனைதான் நிலம். மற்றப் பெடல்களுடன் ஒரே அடப்ரரில் இணைத்தால் மின்வழங்கல் குறுக்காகிவிடும். தனிப் பற்றரியில் ஓட்டுவதென்றால் தடையில்லை. சிலிக்கன் ரான்சிஸ்டரிலும் பின்னர் அதே பெடலைச் செய்தார்கள், அதற்கு உம்மிடமுள்ள பிசி 549ஐப் போன்ற என்பிஎன் வகை போதும்.

இப்போதைக்குப் பிரெட்போர்ட்டில் இருப்பதை வெரோ போர்ட்டுக்கு மாற்றும். மாற்றிய பின் ஒலி வராவிட்டால் பழைய கிற்றார் வயர் ஒன்றின் முனையை வெட்டி, நடுக்கம்பியில் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை ஒட்டி, மறுமுனையை அம்ப்ளிஃபயரில் செருகி, உறைக்கம்பியைச் சுற்றின் நிலத்தில் பிடித்துக்கொள்ளும். யாரையாவது கிற்றாரைத் தட்டச் சொல்லிவிட்டு, கொள்ளளவியின் காலால் உள்ளீட்டு ஜாக், அடிவாய், சேகரிப்பான், மாறுந்தடையி என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகும். ஒலி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில்தான் பிழை. அம்ப்ளிஃபயரின் சத்தத்தை முதலில் குறைத்து வையும்.