நாலு செமஸ்டர் கிரெடிட்டை ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்குல எப்படி ஏத்தறது? உதவி வேணும்

வணக்கம். கடலூர்ல பி.காம் நாலு செமஸ்டர் முடிச்சேன். 2023-ல் கல்யாணம் ஆகி புதுச்சேரி வந்ததும் படிப்பு நின்னுபோச்சு. நடுவுல மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம்ல ரெண்டு பாடம் படிச்சு பாஸ் பண்ணினேன். இப்போ இங்கே ஒரு காலேஜ்ல அஞ்சாவது செமஸ்டர் சேரணும்.

டிஜிலாக்கர்ல ஏபிசி ஐடி இருக்கு, பாஸ் பண்ணின பாடங்களோட கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற கணக்கு அது. ஆனா அதுல ஸ்வயம் கிரெடிட் மட்டும்தான் காட்டுது, நாலு செமஸ்டரும் காலி. நாமே ஏத்த முடியாது, படிச்ச இடம்தான் ஏத்தணும். பழைய காலேஜ்ல கேட்டா யுனிவர்சிட்டியைக் கேளுங்கிறாங்க, அங்கே போனா காலேஜைக் கேளுங்கிறாங்க. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல அம்மா வீட்டு பீரோவோட அடித்தட்டு நனைஞ்சு, மூணாவது செமஸ்டர் மார்க்‌ஷீட்டுல மை ஊறி, ரெண்டு பாடத்துக்கு மார்க்கே தெரியலை. டூப்ளிகேட்டுக்கு மனு கொடுத்திருக்கேன்.

கிரெடிட் அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும்னு 2021 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி சொல்லுது. அந்த ஒண்ணுதான் தெம்பு.

இப்படி மாறிச் சேர்ந்தவங்க இருந்தா சொல்லுங்க. மனுவை யாருக்கு எழுதினீங்க, பதிவாளருக்கா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கா? சிலபஸ் நகல்ல யார்கிட்ட கையெழுத்து வாங்கணும்? கைக்குழந்தையோட பஸ்ல கடலூர் போய் வரணும், ஒரே நடையில வேலை முடிஞ்சா பெரிய உதவியா இருக்கும்.