ஜவ்வாது மலையில் குடும்பத்தோடு குடியிருக்கப் போகிறோம், பழக்கவழக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடியாத்தம் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் கிறிஸ்தவ ஊழியத்தில் இருக்கிறார். ஜூன் மாதத்திலிருந்து பீஞ்சமந்தை பக்கம் ஒரு மலைக் கிராமம்தான் பணித்தளம். நானும் இரண்டு பிள்ளைகளும் கூடவே போகிறோம். அவர்களும் தமிழ்தானே பேசுகிறார்கள், ஒரு கஷ்டமும் இருக்காது என்று சபையில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு பார்க்கப் போன அன்று ஒரு திண்ணையில் உட்காரப் போனேன். அங்கிருந்த பாட்டி பதறிப்போய்க் கோணிப்பையைத் தரையில் விரித்து அதில் உட்காரச் சொன்னார். நாங்கள் தொடக்கூடாத இடமோ என்னவோ!

கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டால் என்ன செய்வது? மூன்றாம் வகுப்பு படிக்கும் மூத்தவனை வேலூரில் ஹாஸ்டலில் விடலாமா? இந்த இரண்டும்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

ராணிப்பேட்டை சாம்:
சிஸ்டர், மழைக்காலத்தில் வண்டி எதுவரை வரும் என்று முதலில் விசாரியுங்கள். 2023-ல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைச் சரியான ரோடு இல்லாமல் உயிரோடு ஆஸ்பத்திரி கொண்டுசேர்க்க முடியாமல் போனது. டார்ச் லைட், கொசுவலை, குழந்தைகளுக்கு மூடிய செருப்பு. மற்றதெல்லாம் அப்புறம்.

காட்பாடி டீச்சரம்மா:
மகளே, என் கணவர் எண்பதுகளில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஊழியம் செய்தார். அப்போது அதுவும் வட ஆற்காடுதான். 1989-ல் மாவட்டம் பிரிந்தபோது திருவண்ணாமலைக்குப் போனது. என் பிள்ளைகள் அங்கேதான் நடை பழகினார்கள்.

நம் ஆட்கள் மலை ஏறும்போதே கொடுக்கும் கையோடு ஏறுகிறார்கள். மருந்து, பழைய துணி, நோட்டுப் புத்தகம். வாங்கிக்கொள்ளத் தெரியாது. கொடுத்துக்கொண்டே இருக்கிற வீட்டை அங்கே மரியாதையாக ஓரத்தில் வைத்துவிடுவார்கள். நீ வாங்கிப் பழகு.

முதல் அறுவடை முடிந்ததும் பக்கத்து வீட்டம்மா ஒரு முறம் சாமை கொண்டுவந்து வைத்தார். குத்தாத சாமை. அரிசியாகக் கொடுத்திருந்தால் விருந்தாளிக்குக் கொடுத்தது. உமியோடு கொடுத்தால் "நீயும் வந்து குத்து" என்று கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டு நான் அவர் உரலுக்குப் போனேன். சாமை கடுகு மாதிரி வழுக்கும். ஓங்கிப் போட்டால் உரலை விட்டுத் தெறிக்கும், மெதுவாகப் போட்டால் உமி கழலாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் உலக்கை எழும்பும்போது மற்றவர் உலக்கை இறங்க வேண்டும். புடைத்து, திரும்பக் குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். தோள்பட்டை இரண்டு நாள் தூக்க வராது.

ஊர் எனக்குத் தெரிந்தது அந்த உரலடியில்தான். எந்த வகையறாவுக்குள் பெண் எடுக்கக் கூடாது, யார் வீட்டுக் கல்யாணத்தில் பரிசப்பணம் பாக்கி நிற்கிறது (அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் தர வேண்டும், நம் வரதட்சணைக்காரர்கள் போய்ப் பார்க்கட்டும்), யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அங்கே வந்துவிடும். என் கணவர் நோட்டும் பேனாவுமாக ஊர்க்கவுண்டர் (ஊர்த் தலைவர்) வீட்டில் தவம் கிடந்தார், பாவம். அவருக்கு இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதனால் உப்பு இருந்தாலும் போய் உப்பு கேள். களை எடுக்கக் கூப்பிட்டால் போ, கூலி வாங்காதே. உன் வீட்டுக் கூரை ஒழுகும்போது அவர்கள் வருவார்கள்.

வரி விஷயம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். திருவிழாவுக்கு ரொம்ப முன்னாடியே ஊர்க்கவுண்டரிடம் போய், கோயில் வரிக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, கிணறு தூர்வாருவது, பாதை வெட்டுவது என்றால் எங்கள் தலைக்கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம். பணத்தோடு ஆளாகவும் போய் மண்வெட்டி பிடித்தார் என் கணவர். படையலுக்கு வெட்டிய கோழிக்கறி வீடு தேடி வரும். அதற்கு, படைத்ததைச் சாப்பிடலாமா என்று பைபிளில் பேசும் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே உட்கார்ந்து படித்துவிடுங்கள். வாசலில் கிண்ணத்தோடு ஒருத்தி நிற்கும்போது உள்ளே போய் விவாதம் பண்ண முடியாது.

பையனை ஹாஸ்டலில் விடாதே. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவையே சிறுபெண்ணாக அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். அந்தக் காலத்து மிஷனெரிகளுக்குக் கப்பல் பயணம், வேறு வழியில்லை. உனக்கு வேலூர் பஸ் தூரம். அப்புறம், உன் பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளோடு படிக்கவில்லை என்றால் நீ எத்தனை சாமை குத்தியும் பிரயோஜனமில்லை.

புதூர்நாட்டுக்காரன்:
நான் மலையாளி, கேரளாக்காரன் இல்லை, இந்த மலைப் பழங்குடி. புதூர்நாடு ஊர், இப்போது வேலூரில் வேலை. அக்கா, அந்தப் பாட்டி திண்ணையைச் சாணி போட்டு மெழுகியிருப்பார், ஈரம் காய்ந்திருக்காது. எங்கள் ஊரில் எல்லாமே சடங்கு என்று நினைக்காதீர்கள்.

டீச்சரம்மா சொன்ன கிணறு கணக்கு எங்கள் ஊரிலும் நடந்தது. எங்கள் அப்பாவுக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். மழை எல்லோருக்கும் பெய்கிறது, மாரியம்மனுக்கு மட்டும் ஒரு வீடு தரவில்லை என்பார். ஏற்றுக்கொண்டார்கள் என்று நீங்கள் நினைப்பது சில சமயம் பொறுத்துக்கொண்டதாக இருக்கும்.

இன்னொன்று. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்களே, அதில் எங்கள் மலை ஆட்களும் உண்டு. செம்மரம் வெட்டப் புரோக்கர்கள் ஆசை காட்டிக் கூட்டிப்போனவர்கள். அதனால் தெரியாத ஆள் வண்டியில் வந்து இறங்கினாலே எங்கள் பெண்களுக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் வீட்டுக்காரர் முதல் சில மாதம் வாலிபர்களைத் தனியாகக் கூட்டி வைத்துப் பேசாமல் இருப்பது நல்லது. மதம் மாறினால் எஸ்டி சான்றிதழ் போய்விடுமா என்று யாராவது கேட்பார்கள். எஸ்சி-க்குத்தான் அந்த விதி, எஸ்டி-க்கு இல்லை. ஊழியப் பத்திரிகையில் எங்கள் பிள்ளைகளை மூக்கொழுக நிற்க வைத்துப் படம் போடாதீர்கள். அதை நாங்களும் பார்க்கிறோம்.

குடியாத்தம் மருமகள்:
தம்பி, படம் விஷயத்தை இவரிடம் இன்றைக்கே காட்டிவிட்டேன். மூத்தவனை மேலேயே சேர்ப்பதாக முடிவு, உண்டு உறைவிடப் பள்ளியில் வீட்டிலிருந்து போய்வரச் சேர்ப்பார்களா என்று கேட்க வேண்டும். அம்மா, உரல் இங்கிருந்தே ஏற்றிப் போகட்டுமா?

காட்பாடி டீச்சரம்மா:
உரல் எதற்கு? இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டாய். இப்போது நிறையப் பேர் மில்லில்தான் கொடுக்கிறார்கள், அங்கேயும் வரிசையில் நின்று பேசலாம். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. மலைக்காரர்கள் ஆடு ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள். சாமான் ஏற்றுவதை அன்றைக்கு வைத்துக்கொள், திரும்பும்போது கைகொடுக்க ஆள் இருக்கும்.