மறு: ரேடார் இன்டர்ஃபெரோமெட்ரி – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். பள்ளி ஆசிரியர்களுக்கான நைசார் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள். 12 நாளுக்கொருமுறை அதே பாதையில் வந்து ரேடாரால் தரையைப் பார்க்கும். இருமுறையும் திரும்பிவந்த அலைகளின் கட்டங்களை (ஃபேஸ், அதாவது அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் தரை எவ்வளவு அசைந்தது என்று தெரியும். பாடநூலில் இன்டர்ஃபெரன்ஸ் ‘குறுக்கீட்டு விளைவு’. அதை வைத்துக் ‘குறுக்கீட்டு அளவியல்’ என்று போட்டுவிடலாமா?
– க., அடையாறு

க. ஐயா, குறுக்கீடு என்றால் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பது. ‘ஊடு’ என்ற வேர் இருக்க அது எதற்கு? ஊடே, ஊடுபயிர், ஊடுருவல், நெசவில் பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை. ஊடலும் இருவர்க்கு நடுவில் வருவதுதானே! அலைகள் ஒன்றையொன்று அழித்தால் ஊடல், சேர்ந்து பெருகினால் கூடல். ஆகவே ‘அலையூடலியல்’.
– ந., மயிலாப்பூர்

அழகுதான். வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்ச் சிரித்தே மாளும். போகட்டும், 12 நாள் தள்ளி வந்த அலையோடு எப்படி ஊடுவது? அளப்பது எதுவோ அதையே பெயராக்குங்கள்: ‘கட்ட வேறுபாட்டு அளவியல்’. ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1-இன் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அலை போய்த் திரும்புவதால், செயற்கைக்கோள் பார்க்கும் சாய்ந்த திசையில் தரை 2.8 செ.மீ. நகர்ந்தாலே ஒரு முழுச் சுற்று; படத்தில் ஒரு வண்ணப்பட்டை. நைசாரின் எல் பேண்ட் ரேடாரில் அலை நீளமானது, அதற்குச் சுமார் 12 செ.மீ. வேண்டும். மேடுபள்ளம் வரைவதும் இதே வித்தைதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் கம்பத்தின் நுனியில் இரண்டாவது ஆன்டெனாவை நீட்டிக்கொண்டு பறந்தது. அங்கே இடைவெளி இடத்தில், இங்கே காலத்தில். இரண்டுக்கும் பொருந்துவது கட்ட வேறுபாடு மட்டுமே.
– இரா., கிண்டி

கட்டமா? ‘வேளச்சேரிக்குக் கட்டம் சரியில்லை’ என்று படிப்பார்கள்.
– ந.

அது கிடக்கட்டும், எங்கள் அடுக்குமாடி இறங்குகிறதா என்று இதில் தெரியுமா?
– மு., வேளச்சேரி

ஒரே ஒரு ஜோடிப் படத்தை நம்பிச் சொல்ல முடியாது. காற்றின் ஈரப்பதமே அலையைத் தாமதப்படுத்தித் தரை அசைந்த மாதிரி காட்டும். பல மாதப் படங்களை அடுக்கிப் பார்க்க வேண்டும். கட்டட மூலைகள் அலையை வலுவாகத் திருப்பியடிப்பதால் ஊர்ப்பகுதியில் தடம் கிடைக்கும். நெல்வயல்தான் காலை வாரும். பயிர் வளர வளர முந்தைய படத்தோடு ஒட்டாது.
– இரா.

அந்தப் பட்டைப் படத்துக்கு ‘வரிப்படம்’ எப்படி? வரிப்புலி மாதிரி.
– மு.

சொத்துவரி நோட்டீஸ் என்று நினைத்துவிடுவார்கள். வேண்டாம்.
– க.

எனக்கும் களைத்துவிட்டது. பாடநூலில் குழந்தைகள் படிப்பது குறுக்கீடு, அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்க அடிக்குறிப்பில் கட்ட வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள்.
– இரா.

எனக்கும் சம்மதம்.
– மு.

என் மறுப்பைப் பதிந்துவைக்கவும். ஊடை இருக்கக் குறுக்கீடு கூடாது.
– ந.

பதிந்தாயிற்று. ‘ரேடார் குறுக்கீட்டு அளவியல்’ போகிறது. தரை உருமாறுவதைச் சொல்லும் டிஃபர்மேஷனுக்கு ‘உருத்திரிபு’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லவும்.
– க.

இருக்கிறது. ‘திரிபு’ என்பது புணர்ச்சி விகாரத்துக்கு உரிய சொல். விரிவாக இரவு எழுதுகிறேன்.
– ந.