நியூசிலாந்து கேட்லின்ஸ் கரையில் கடற்சிங்கம் பார்க்க

கேள்வி: ஜனவரியில் கேட்லின்ஸில் உள்ள சுராட் பே கடற்கரைக்குப் போகிறோம். கடற்சிங்கத்தை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம்? எது ஆண், எது பெண் என்று எப்படி அறிவது?

பதில் 1: குறைந்தது 20 மீட்டர். அதற்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். தப்பிக்கும் வழி அடைபட்டால் பாயக்கூடும். பாய்ந்தால் ஓட வேண்டாம், முகம் பார்த்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுக்க 300 மிமீ கேமரா லென்ஸ் போதும்.

பதில் 2: கரும்பழுப்பு நிறம், கழுத்தில் பிடரி என்றால் ஆண். வெளிறிய மணல் நிறம் பெண். துடுப்பால் மணலை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டால் உடம்பைக் குளிர்விக்கிறது என்று அர்த்தம், கோபமில்லை.

பதில் 3: ஜனவரி குட்டிக் காலம். தாய்கள் கரையோடு நிற்பதில்லை, குட்டியோடு காட்டுக்குள்ளும் போகும். மணல்மேட்டுப் புதர்களில் பார்த்து நடங்கள். தனியாகக் கிடக்கும் குட்டியை அனாதை என்று தூக்கிவிடாதீர்கள், தயவுசெய்து! தாய் இரை தேடக் கடலுக்குப் போயிருக்கும். நாயைக் கூட்டிப் போகாதீர்கள்.