வெளியூரில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலை வாசி:

என் மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வேனில் வந்திருந்தார். நிலாவெளியில் குளித்து, சாப்பிட்டு, இரவு உவர்மலைக்குத் திரும்பும் வழியில், சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் மறித்தார்கள். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தேன். "ரெண்டு பியர்தான் ஐயா" என்றார் மச்சான். அந்த வசனத்தைக் கேட்காத போக்குவரத்துப் பொலிஸ்காரர் நாட்டில் இருக்க மாட்டார். சட்டப்படி எல்லை 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். ஊதிப் பார்த்தால் அதைத் தாண்டியிருந்தது.

தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டிவிட்டு லைசன்ஸை வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்தார். வேகமாக ஓடியதற்கு அப்படிச் செய்யலாம். குடித்து ஓட்டிய வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்கே போகும். வேனைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மனைவி, பிள்ளைகள், ஈர உடுப்புப் பைகள் எல்லாம் தெருவோரம். முதலில் அவர்களை ஓட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் அவர் பின்னால் போனேன்.

அங்கே வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். மச்சானுக்குச் சிங்களம் 'கொஹொமத' (எப்படிச் சுகம்) என்பதோடு சரி. தமிழில் எழுதுங்கள் என்று கேட்டோம். முகம் சுழித்தார்கள்தான், ஆனால் மறுக்கவில்லை. தமிழ் தெரிந்த அலுவலர் ரோந்து முடிந்து வரும்வரை வாங்கில் இருந்தோம், நுளம்புக்கடியோடு. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும்கூட. எவ்வளவு நேரம் போனாலும் தமிழில்தான் வேண்டும் என்று நில்லுங்கள். விளங்காத தாளில் ஒப்பம் வைக்க வேண்டாம்.

அடுத்தது பிணை. உள்ளூர் ஆள் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். நான் இருந்ததால் தப்பினார். இங்கே ஒருவரையும் தெரியாதவர் அந்த நேரத்தில் யாரைத் தேடுவார்?

தண்டம் 25,000 ரூபாவில் தொடங்குகிறது. காசை எப்படியோ புரட்டலாம். லைசன்ஸை நீதிமன்றம் இடைநிறுத்தும், அதுதான் ஆளை விழுத்தும். மச்சானின் தொழிலே கடை கடையாகச் சாமான் போடுவது. அதற்கு மேல் தூரம் வேறு. வழக்கை இழுத்தால் ஒவ்வொரு தவணைக்கும் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் வந்து போக வேண்டும். உண்மையில் குடித்திருந்ததால் குற்றத்தை ஏற்றுக்கொண்டார், அது சரிதான். ஆனால் குடிக்காத ஒருவர் பஸ் அலைச்சலுக்குப் பயந்து தலையாட்டக் கூடாது. திருகோணமலை நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய ஆளைக் கூட்டிவந்தால் அவருடைய பயணச் செலவும் உங்கள் தலையில்.

உப்புவெளி தம்பி:

அண்ணை, நான் கெஸ்ட் ஹவுஸில் வேலை. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் இதே கதைதான். வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கட ஆட்கள் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார்கள், பீச்சில் போத்தல் திறப்பார்கள், அப்புறம் அதே ஸ்கூட்டரில் கோணேசர் கோவில் பக்கம் காற்று வாங்கப் போவார்கள்!

கனடாவில் இருந்து வந்த ஒரு பொடியனுக்கு விமானம் முதலில், வழக்குத் தவணை பிறகு. "பேசாமல் ஏறிப் போ, யார் தேடப்போகினம்" என்று கூட வந்தவர்கள் உசுப்பேற்றினார்கள். போயிருந்தால் பிடியாணை பிறந்திருக்கும், அடுத்த முறை அம்மம்மாவைப் பார்க்க வரும்போது கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சிக்கல். சட்டத்தரணி மோஷன் (நீதிமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்) போட்டு வழக்கை முன்னுக்கு எடுத்தார். அவ்வளவுதான் வேலை. டிக்கெட்டின் பிரதியை முதல் நாளே அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று. "நான் கதைச்சு முடிச்சுத் தாறன்" என்று ஒருவர் எங்கிருந்தோ முளைப்பார். இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். ஒரு வழக்கோடு போனவர் இரண்டோடு வரலாம்.

கந்தளாய் அக்கா:

என் அவர் குடித்ததைச் சோதிக்கிற பலூனில் ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டினார்கள். மணத்தை, கண்ணை, நடையைப் பார்த்து அறிக்கை எழுதினார். அது பலூனை விடப் பலமான சாட்சி ஆகிவிட்டது. இதற்கு மேல் எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

நியூ ஜெர்சியில் திருமலையான்:

இங்கே தூரத்தோடு மாநில எல்லையும் சேர்ந்துவிடும். நண்பர் பென்சில்வேனியா மலைப்பக்கம் விடுமுறைக்குப் போய்ப் பிடிபட்டார். நியூ ஜெர்சியில் குடித்து ஓட்டுவது போக்குவரத்துக் குற்றம் மட்டுமே. பென்சில்வேனியாவில் அது கிரிமினல் குற்றம். பிடிபட்ட மாநிலத்தின் சட்டம்தான் செல்லும் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து தீர்ப்பைச் சொந்த மாநிலத்துக்கு அறிவித்துவிடும், அங்கே லைசன்ஸ் போகும். அதனால் வழக்கு நடக்கிற மாநிலத்தின் வக்கீல்தான் வேண்டும்.

வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம். தீர்ப்பு வரும் முன்பே, கைது ஒன்றை மட்டும் வைத்து விசாவை இரத்துச் செய்யலாம். உள்ளே இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பப் போகும்போது தூதரகத்தில் புது விசாவுக்கு நிற்க வேண்டும்.

உவர்மலை வாசி:

மச்சானின் வேன் எப்படி யாழ்ப்பாணம் போனது என்று நான் சொல்லவில்லை. என் மூத்தவன் ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினான். விடுவிக்கும்போது வாகனப் பதிவுப் புத்தகம், காப்புறுதி, ஓட்டப்போகிறவரின் லைசன்ஸ் மூன்றையும் பார்த்தார்கள். புத்தகம் யாழ்ப்பாணத்தில் அலுமாரிக்குள் இருந்ததால் இரவு பஸ்ஸில் ஆள் மூலம் எடுப்பித்தோம். டீசல் காசு மச்சான் கணக்கு.